துருவத்துப் பாசிக்கு நான் போட்ட விளக்கு

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளைப் பெற்றவன், தங்களையும் சம்பந்தி அம்மாளையும் கைகூப்பி வணங்கி எழுதிக்கொள்வது. அங்கு எல்லோரும் சௌக்கியமா என்று முதலில் கேட்பதுதான் முறை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டைப் பார்த்து சௌக்கியமா என்று கேட்கிறவன் மனுஷனா? இங்கு நாங்கள் சௌக்கியம் என்று எழுதினால் அதுவும் பச்சைப் பொய். ஆகவே இரண்டையும் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று போனில் தாங்கள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இரைகிறது. “பையன் போனதோட மருமக உறவும் போச்சா? எத்தனை தடவைதான் ‘அப்புறம் வாங்க, அப்புறம் வாங்க’ன்னு சொல்லுவீங்க? வர்ற ஞாயித்துக்கிழமை வேன் எடுத்துக்கிட்டு எல்லாரும் வர்றோம். கதவைத் திறந்தா உறவு. திறக்கலேன்னா இதோட முடிஞ்சுது” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். வைத்தது தெரியாமல் நான் வெகுநேரம் “சரிங்க, சரிங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கள் கோபம் நியாயம். உறவு அறுந்துபோகுமோ என்று எனக்கும் பயம்தான். இருந்தாலும் சொல்கிறேன், வராதீர்கள். காரணம் ஒரு பாசி. ஆமாம், தண்ணீரில் இருக்குமே, அந்தப் பாசிதான். கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்று கடிதத்தைக் கிழித்துவிடாமல் கடைசி வரை படிக்கும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் காலமெல்லாம் தெருவிளக்கு மேஸ்திரியாக இருந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். என் வார்டில் ஒரு பல்பு அணைந்திருந்தால் எனக்குச் சோறு இறங்காது. நம் பையன் அன்று காலையில் வேலைக்குப் போனவன் லாரியில் அடிபட்டுத் திரும்பி வராமல் போன பிறகு, பெண் தன் அறையின் ஜன்னலைச் சாத்தி, திரையையும் இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், எழுந்திரு என்றால் எழுந்திருப்பாள், வேறு ஒன்றும் கிடையாது. இருட்டில் ஒருத்தி இப்படிக் கிடந்தால் என்னைப் போன்றவன் என்ன செய்வான்? தெரிந்ததைத்தானே செய்வான்! வீட்டிலிருந்த பல்புகளையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, மைதானத்துக்குப் போடுகிற மாதிரி பெரிய பெரிய பல்பாக வாங்கி மாட்டினேன். சமையலறையில் வெங்காயம் நறுக்கவே கறுப்புக் கண்ணாடி தேவைப்பட்டது. பெண் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். வெளிச்சம் மட்டும் போதாது, மனுஷாளும் வேண்டும் என்று என் புத்திக்குப் பட்டது. அவளைக் கேட்காமல் அவள் ஆபீஸ் ஆட்கள் அத்தனை பேரையும் ஒரு சாயங்காலம் டீ சாப்பிட வரச்சொல்லிவிட்டேன்.

வந்தார்கள் சம்பந்தி, கூட்டமாக வந்தார்கள். நாற்காலி போதாமல் பாதிப் பேர் கட்டிலில் உட்கார்ந்தார்கள். ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. இன்னொரு அம்மாள், நல்லவள்தான், வாய்தான் கொஞ்சம் நீளம், “லாரி முன்னாடியிருந்து வந்துச்சாம்மா, பின்னாடியிருந்தா?” என்று கேட்டாள். பெண் எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். இப்போது வருவாள், அப்போது வருவாள் என்று எல்லோரும் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் குளியலறை ஒன்றுதான், டீயோ வாளி நிறையப் போட்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக முகத்தைச் சுளித்துக்கொண்டு அவசர அவசரமாக விடைபெற்றார்கள். வீடு காலியான பிறகு அவள் வெளியே வந்து, அறை அறையாகப் போய், நான் மாட்டிய விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு ஒருவாறு தன் பாசி ஆராய்ச்சி வேலைக்குப் போகத் தொடங்கினாள். பாசிக்கு லீவு கிடையாதாம். தனியே அனுப்பப் பயந்து நானும் சாப்பாட்டுப் பையோடு கூடப் போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அங்கே ஒரு குளிர் அறை இருக்கிறது. உள்ளே தட்டுத் தட்டாகக் கண்ணாடிக் குடுவைகள், ஒவ்வொன்றிலும் தேநீர் நிறத்தில் ஏதோ தண்ணீர். அதுதான் பாசி. ஒருநாள் அவளுடைய தலைவர், தாடிக்காரர், கூட்டம் என்று அவளை அழைத்துப் போனார். அவள் விட்டுப்போன கம்பளிச் சால்வையை உள்ளே வைக்கலாம் என்று கதவைத் திறந்தால், பட்டப்பகலில் கும்மிருட்டு! தடவிப் பார்க்கிறேன், ஒவ்வொரு தட்டுக்கும் மேலே நீள நீளமாக விளக்கு இருக்கிறது, ஒன்றும் எரியவில்லை. எல்லாவற்றின் ஒயரும் முள் அசையாமல் நின்ற ஒரு பெட்டிக்குள் போகிறது. பெட்டி கெட்டுவிட்டது, இதைக் கவனிக்க இத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் துப்பில்லை என்று முடிவு கட்டினேன். பெட்டியிலிருந்து பிளக்கைப் பிடுங்கி நேராகச் சுவரில் செருகினேன். ஜகஜ்ஜோதி! நெஞ்சு நிறைந்தது சம்பந்தி. நம் பையன் போன பின்னால் முதல் தடவையாக என் பெண்ணுக்கு உருப்படியாக ஒன்று செய்திருக்கிறேன் என்று வராந்தாவில் காலை நீட்டி ஒரு தூக்கமும் போட்டேன்.

கூட்டம் இழுத்துக்கொண்டே போய்விட்டது. அவள் திரும்பிவந்து கதவைத் திறந்ததும் “ஐயோ” என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். தாடிக்காரர் வந்து “யாரு இதைப் பண்ணது?” என்றார். நான் கையைத் தூக்கினேன். “பெட்டி கெட்டுப்போச்சுங்க, அதான்...” என்றேன். “சார், பெட்டி நல்லாத்தான் இருக்கு. அதுங்களுக்கு இப்போ ராத்திரி” என்றார். வெளியே வெயில் கொளுத்துகிறது, இந்த மனிதர் ராத்திரி என்கிறார். அவருக்கும் கழன்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் பெண் வாய் திறந்தாள். நம் பையன் போன பிறகு அவள் அத்தனை நேரம் பேசி நான் கேட்டதில்லை.

“அது துருவத்துக் கடல்ல, பனிக்கட்டிக்கு அடியில இருக்கிற பாசிப்பா. அங்க குளிர்காலத்துல மாசக்கணக்கா சூரியனே வராது. கோடையில மறையவே மறையாது. நாங்க அந்தப் பெட்டியை வெச்சு, அங்க பகல் குறையிற மாதிரியே கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, இருட்டுக்குக் கொண்டுவந்தோம்.”

“இருட்டுல அதுக்குச் சாப்பாடு?”

“வெளிச்சம்தான் அதுக்குச் சாப்பாடு. பகல் குறையக் குறைய வளர்றதை நிறுத்திடும். சேர்த்து வெச்ச கொழுப்பைத் துளித்துளியா கரைச்சுக்கிட்டு உயிரோட இருக்கும். ஆனா வெளிச்சம் பிடிக்கிற சாமான்களை மட்டும் மொத்தமா கழட்டிப் போடாது. என்னிக்காவது சூரியன் வந்தா உடனே ஒளிச்சேர்க்கையைத் தொடங்கணுமே.”

“அதைத்தானேம்மா நானும் பண்ணேன்! சூரியன் மாதிரி விளக்கைப் போட்டேனே!”

“சூரியன் அப்படி வராதுப்பா. முதல்ல பனிக்கு மேல லேசா ஒரு வெளுப்பு. அப்புறம் கொஞ்ச நேரம் பகல். அப்புறம் இன்னும் கொஞ்சம். இருட்டுல இருக்கிறது, கெடைக்கிற துளி வெளிச்சத்தையும் விடாம பிடிக்கிற மாதிரி தன்னை மாத்தி வெச்சிருக்கும். அது மேல மொத்தமா கொட்டினா, பிடிச்சதைச் செலவு பண்ண வழி தெரியாம உள்ளேயே கெட்டுப்போகும். கோடைக்காலப் பாசிக்கு மிச்சத்தைச் சூடாக்கி வெளியே தள்ளத் தெரியும். அதுக்குன்னு தனியா நிறமி செஞ்சு வெச்சிருக்கும். இதுங்களுக்கு அதைச் செய்ய அவகாசம் வேணும். நீங்க குடுக்கல.”

முன்சீட்டுக்காரர் திரும்பி, “யாருக்குங்க உடம்பு சரியில்லை?” என்று பரிவாகக் கேட்டார். “பாசிக்கு” என்றேன். அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்து வந்த நாட்களில் முன்வரிசைக் குடுவைகள் எல்லாம் வெளுத்துப்போயின. பின்வரிசையில் நிழல் பட்ட சிலதுதான் மிஞ்சின. அவளுடைய பல நாள் உழைப்பு போயிற்று. தாடிக்காரர் என்னை வெளிக்கேட்டோடு நிறுத்திவிட்டார், அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் கேட்டில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்கத்தான் எனக்கு உறைத்தது. அது பாசியில்லை சம்பந்தி, அது என் பெண். பல்பு மாட்டியது, கூட்டம் கூட்டியது எல்லாம் ஒரே குற்றம். இப்போது தாங்கள் ஒரு வேன் நிறைய வெளிச்சத்தோடு வருகிறேன் என்கிறீர்கள். தங்கள் பெரியக்கா ஒருவரே போதும், வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினால் தெருக்கோடிக்குக் கேட்கும். அவரை ஆயிரம் வாட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறாக நினைக்க வேண்டாம், தொழில் கணக்கு.

ஆகவே படிப்படியாக வரும்படி கேட்டுக்கொள்கிறேன். முதலில் போன் மணி மட்டும் அடியுங்கள், எடுத்ததும் வைத்துவிடுங்கள். பிறகு ஒருநாள் “நல்லாயிருக்கியாம்மா” மட்டும். அது தாங்கினால் தாங்கள் மட்டும் வந்து எதிர்ச்சாரியில் சும்மா நடந்து போங்கள், நான் திரையைக் கொஞ்சம் விலக்கி வைக்கிறேன். சம்பந்தி அம்மாள் அதற்கப்புறம். பெரியக்கா எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் சாயங்காலத்தில். தங்கள் வீட்டிலும் இருட்டுதான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நீங்கள் பெற்றவர். அவன் என்னை “மாமா” என்று கூப்பிட்ட சில வருஷத்துக்கே எனக்கு இப்படி இருக்கிறதென்றால், தங்களுக்கு எப்படி இருக்கும்! இருந்தும் கேட்கிறேன். மிஞ்சியிருப்பது பின்வரிசை, அதையும் நான் இழக்க முடியாது.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். பெரியக்காவிடம் வாட்ஸ் விஷயத்தைச் சொல்ல வேண்டாம். சின்னவர்களுக்கு என் ஆசீர்வாதம். எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும், இனி ஒரு கெட்டதும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது பெண் வேலையிலிருந்து வந்துவிட்டாள். கடிதத்தை வாங்கி நின்றபடியே முழுவதும் படித்தாள். பெரியக்கா வருகிற இடத்தில் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். அப்புறம் முகம் மாறிவிட்டது. “நீங்கதான் அவங்களை வர வேணாம்னு சொல்லிக்கிட்டிருந்தீங்களா? என்னைப் பார்த்தா அவங்களுக்கு அவர் ஞாபகம் வரும், அதான் யாரும் எட்டிப் பார்க்கலைன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்!” என்றாள். பாசி விஷயத்தை எடுத்தேன். “பாசி யாருக்காகவும் ஏங்காதுப்பா. பகல் மாறினா அது மாறும், அவ்வளவுதான். நான் பாசியா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள். சத்தமாக, பெரியக்கா மாதிரியே அழுதாள். அழுது ஓய்ந்ததும், “அவரோட அப்பா தும்மினா அப்படியே அவர் தும்முற மாதிரியே இருக்கும். ஒரு தடவை கேக்கணும்ப்பா” என்றாள். ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவும் வேண்டாம், உடனே எல்லோரும் வேனில் புறப்பட்டு வாருங்கள். தங்களுக்கு ஜலதோஷம் ஏதாவது இருந்தால் தயவுசெய்து மருந்து சாப்பிடாமல் வரவும்.