மூழ்காத வேர்

மீன் தொட்டி தயார். மீன்களும் வந்தாயிற்று. நடுவில் நிற்க வேண்டிய வேர் மட்டும் மூழ்க மாட்டேன் என்று மிதந்தது.

ஆற்றில் அடித்து வந்த வேர் அது. வெளுத்து, வழவழப்பாக, முழங்கால் உயரத்துக்கு மூன்று கால் பரப்பிக் கரையில் கிடந்தது. பார்த்த பல் டாக்டர் விட மனமில்லாமல் தோளில் தூக்கி வந்தார்.

கிளினிக்கில் தொட்டி அழகுக்காக வைத்ததல்ல, பிழைப்புக்காக. உள்ளே ஒருவர் அலறினால் வெளியே காத்திருப்பவர்கள் ஓட்டம் பிடிப்பார்கள். மீனைப் பார்த்தால் பயம் தெளியும் என்று யாரோ சொன்னார்கள். இதுவும் பலிக்காவிட்டால் கிளினிக்கை மூட வேண்டியதுதான்.

"அப்படியே போட்டா மீன் செத்துடும் சார். அழுகினதைச் சுரண்டி, நல்லாக் கொதிக்க வச்சு, மூழ்குற வரைக்கும் ஊறப் போடுங்க" என்றார் மீன் கடைக்காரர்.

வீட்டில் அண்டாவைக் கேட்டார்.

"அண்டாவா, நானா? முடிவு பண்ணிக்குங்க" என்றாள் மனைவி.

டாக்டர் அண்டாவோடு கிளினிக்குக்கு வந்துவிட்டார்.

வேரைச் சுரண்டும் தூசி வெளியே போகக் கூடாதென்று நர்ஸ் கதவைச் சாத்தினாள். வெளியே பெஞ்சில் மூன்று பேர்.

"சிஸ்டர், இங்க பாருங்க, எவ்ளோ பெரிய சொத்தை! குத்தினா உள்ள போகுது."

"வேர் வரைக்கும் போயிருக்கு டாக்டர்."

மிஷின் கிர்ரென்றது. பெஞ்சில் ஒருவர், "வண்டியை ஓரமா விட்டுட்டு வரேன்" என்று எழுந்தார். அவர் நடந்து வந்தவர்.

"கொதிக்கிற தண்ணியை ஊத்துங்க! பழுப்பா இறங்குது பாருங்க. அத்தனையும் இறங்கணும்!"

கதவிடுக்கில் ஆவி வந்தது. இரண்டாமவரைக் காணோம்.

தண்ணீர் ஆறியதும் வேர் மேலே துள்ளியது.

"முழங்காலை வச்சு அமுக்குங்க சிஸ்டர்!"

"அமுக்கிட்டேன் டாக்டர், திமிருது!"

"விடாதீங்க! துளை போட்டுக் கல்லோட முடுக்கிடலாம்!"

மூன்றாமவர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

டாக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது பெஞ்ச் காலி. அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. பயத்தைப் பிடுங்க வந்த வேர் பிழைப்பையே பிடுங்கிவிட்டது.

ஊறி ஊறி, கல்லின் கனத்தில் ஒருவழியாக வேர் தொட்டிக்குள் இறங்கியது. அதன் கால்களுக்கிடையே மீன்கள் நுழைந்து நுழைந்து வந்தன. வெளிச்சம் பட்டு அது ஏதோ கோயில் போல நின்றது.

"கிளினிக் போனாப் போகட்டும் சிஸ்டர். இதைப் பாக்கக் குடுத்து வச்சிருக்கே!"

அன்று சாயங்காலம் செருப்பை எடுக்க வந்தவர் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் மாடிப்படி வரை கூட்டம். ஓடிப்போன மூவரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். எல்லாரும் தொட்டியைச் சுற்றி மொய்த்து நின்றார்கள்; ஒருவரும் ஓடவில்லை.

"பாத்தீங்களா சிஸ்டர், மீன் வேலை செய்யுது!" என்று டாக்டர் கிசுகிசுத்தார்.

ஆனால் மீனை யாரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் வேர் மேலேயே இருந்தது.

செருப்பை விட்டுப் போனவர் முன்னால் வந்து, கண் கலங்க டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இம்மாம்பெரிய பல்லைப் புடுங்கியிருக்கீங்க... அந்த ஆளு ஒரு 'ஆ'கூடச் சொல்லலியே டாக்டர்!"