அரை நிமிட ஞானதிருஷ்டி

பக்திப் பாடல்களில் ஊறிய மனத்தில் அகந்தைக்கு இடமில்லை என்று நம்புபவர்கள், அன்றைய மாலை அமெரிக்காவில், டெக்சாஸின் பிளானோ நகரில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

அன்று அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி. என் மகன் சுந்தரின் நண்பர்கள் கீழே பெரிய திரையில் இணையவழியாகப் பார்த்துக்கொண்டிருந்தனர். "எனக்குப் பாராயணம் இருக்கு" என்று நான் மாடியேறினேன். (பொய்யில்லை. மடியில் திருமுறை இருந்தது; கண்தான் சிறிய ஆண்டெனா தொலைக்காட்சியில்.) ஒலியை அணைத்திருந்தேன். ஆயினும் நம் அணி பந்தைத் தவறவிட்டால் "சிவ சிவா!" என்றும், முன்னேறினால் "அம்பலவாணா!" என்றும் வாய் தானே கூவியது.

இடைவேளையில் காபிக்காக இறங்கினேன். கூடமே எழுந்து நின்றது.

"அங்கிள், நீங்க மேல 'சிவ சிவா'ங்கறீங்க, அப்புறம்தான் இங்க பந்து போகுது! முன்னாடியே எப்படித் தெரியுது?" என்றாள் நித்யா, சுந்தருடைய நண்பனின் மனைவி.

நிகழ்ந்ததைப் பார்த்த பிறகே நான் கூவினேன் என்பதைச் சற்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. 'ஈசன் நம் நாவில் அமர்ந்துவிட்டான்' என்றே தோன்றியது.

அவள் குரல் தாழ்ந்தது. "கிரீன் கார்டுக்கு வருஷக்கணக்கா வெயிட் பண்றோம். ஊர்ல அம்மாக்கு உடம்பு சரியில்ல. போனா திரும்பி வர முடியுமான்னு பயமா இருக்கு. கிடைக்குமா அங்கிள்?"

கண்களை மூடினேன். (தேவையே இல்லை.) அவள் நெற்றியில் விபூதி இட்டு, "சீக்கிரமே கிடைக்கும்மா" என்றேன். அவள் கண் கலங்கியது.

மீண்டும் மாடிக்குப் போய்ப் பார்த்த ஆட்டம் முடிந்ததும் பூரிப்பு தாளாமல் படிகளில் ஓடி வந்து, "ஜெயிச்சாச்சு!" என்று முழங்கினேன். கீழே திரையில் நம் அணி இன்னும் தோற்றுக்கொண்டிருந்தது. எல்லோரும் என்னையே பார்க்க, சற்று நேரத்தில் நம் அணி வென்றது. இருவர் கைகூப்பினர். சுந்தர் மட்டும் மாடியைப் பார்த்தான்.

"அப்பா, மேல ஆண்டெனா டிவி ஓடுதா? அதுல உடனே வந்துடும். ஆன்லைன்ல அரை நிமிஷம் லேட்டு."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. நித்யா சிரிக்கவில்லை. ஆசையாய்ப் பிடித்த ஒன்றைக் கைவிட்ட முகம் அது. "மன்னிச்சுடும்மா" என்று தலைகுனிந்தேன்.

"பரவால்ல அங்கிள். விபூதி நிஜம்தானே" என்றாள், அதை அழிக்காமலே.

கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. தினமும் வேண்டிக்கொள்கிறேன். எந்த விருந்தில் சந்தித்தாலும், நூறு பேர் நடுவிலும் அவள் உரக்கக் கேட்பாள்:

"அங்கிள், உங்க ஆண்டெனால வந்துடுச்சா? எங்க ஸ்ட்ரீமிங்ல இன்னும் சுத்திட்டே இருக்கு!"