அக்கி எழுதிய முழுக்கை

ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அழகுணர்ச்சி கொஞ்சம் அதிகம், அறிவு அதற்குத் தகுந்தாற்போல் குறைவு. ஆண்டிமடத்தில் பிறந்து, அரியலூர் டவுனில் பிளெக்ஸ் பேனர் டிசைன் செய்து பிழைக்கிறவன் நான். இருபத்தேழு வயதில் திடீரென்று, தோளிலிருந்து மணிக்கட்டு வரை முழுக்கை டாட்டூ குத்திக்கொள்ளாவிட்டால் இந்தப் பிறவியே வீண் என்று தோன்றிவிட்டது. டிசைனையும் நானே போடுவது என்று முடிவெடுத்தேன். (வேறு யாரை நம்புவது?)

முதலில் தோளில் ஒரு கோபுரம். அதற்குக் கீழே, எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிடைக்கும் கல்லாகிப்போன கடல் நத்தை. அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் மனுஷன். பேனர் போட்டுப் பழகிய கைக்குக் காலி இடத்தைக் கண்டாலே நமைச்சல். முழங்கையில் மயில் வந்தது, மயிலுக்குத் துணையாக வேல் வந்தது, வேலுக்குப் பின்னால் முந்திரித் தோப்பே வந்துவிட்டது. மணிக்கட்டு ஓரத்தில் கடையின் போன் நம்பரைப் போடப் போகும்போதுதான் சுதாரித்தேன்.

திருச்சியில் டாட்டூ குத்துகிறவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படத்தையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், இதுக்கு உங்க ஒரு கை பத்தாது. வூட்டுல யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க."

பிறகு மனமிரங்கி, "கொஞ்சம் குறைச்சு, ஒரு வாரம் கையில வரைஞ்சு வச்சுப் பாருங்க. அப்பவும் புடிச்சிருந்தா வாங்க" என்றார்.

நல்ல யோசனைதான். ஆனால் அரியலூர் வெயிலில் எந்தப் பேனா நிற்கும்? பத்து மணிக்கெல்லாம் கோபுரம் வழிந்து மயிலின் தலையில் இறங்கிவிடும். அப்போதுதான் அந்த மகா யோசனை உதித்தது. பள்ளிக்கூட நாட்களில், பச்சை முந்திரிக்கொட்டையின் ஓட்டில் கசியும் எண்ணெயைக் குச்சியில் தொட்டுக் கையில் பெயரெழுத்து எழுதிக்கொள்வோம். ஒரு மாதமானாலும் போகாது. அது தோல் வெந்த தழும்பு என்பதும், அதற்காக ஆளாளுக்கு உதை வாங்கினோம் என்பதும் வசதியாக மறந்துபோயின. காந்தாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் கலந்து (விஞ்ஞானி!), இடது கை முழுக்க வரைந்துகொண்டு படுத்தேன்.

காலையில் பார்த்தால் கோபுரம் கொப்பளித்திருந்தது. நத்தை உப்பியிருந்தது. மயிலைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே மரியாதை.

நான்கு நாளில் அக்கா மகள் யாழினிக்குச் செட்டிகுளம் மலைக்கோயிலில் காதுகுத்து. அக்காவுக்கு நான் ஒரே தம்பி. பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஏற்கெனவே இரண்டு முறை தேதியை மாற்றியிருந்தாள்.

கையைப் பார்த்த அம்மா அலறினார். "அய்யய்யோ, அக்கி வந்துருச்சேடா!"

டாட்டூ என்ற பேச்சை எடுத்தால் வீட்டுப்படி ஏறாதே என்பார். "ஆமாம்மா, அக்கிதான் போல" என்றேன், நோயாளிக் குரலில்.

அக்கிக் கொப்புளத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வைத்தியம் உண்டு. பானை செய்கிறவரிடம் போனால், காவிமண்ணைக் குழைத்து அதன்மேல் சிங்கம், நாய் என்று படம் எழுதிவிடுவார். அம்மா இழுத்துப்போனது குமாரிடம். என் வயதுக்காரர். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் காதோரம் குனிந்தார்.

"ஏங்க, அக்கி இப்படி லேஅவுட் போட்டு வராதுங்களே?"

கண்ணாலேயே கும்பிட்டேன். ஆளுக்குப் புரிந்துவிட்டது. கோழி இறகைக் காவியில் தோய்த்துக்கொண்டு குறும்பாகக் கேட்டார்: "சிங்கம் எழுதட்டுங்களா, நாய் எழுதட்டுங்களா?"

"ரெண்டையும் எழுதுப்பா. புள்ள அவதிப்படுறான்ல" என்றார் அம்மா. (எனக்கு இந்த டிசைன் புத்தி எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத் தெரிந்தது.)

தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஓர் அங்குலம் விடாமல் எழுதினார். சிங்கத்துக்கு ஆட்டு மூஞ்சி. சட்டை உரசக்கூடாது, தண்ணீர் படக்கூடாது என்று உத்தரவு வேறு.

காதுகுத்தன்று மலைமேல் எல்லாரும் பட்டில் மினுங்க, தாய்மாமன் நான் கையில்லாத பனியனில் சிங்கத்தோடு நின்றேன். அக்காவின் மாமியார் முகம் சுளித்தார். "அக்கியோட புள்ளையத் தூக்கலாமா? வேற மாமன் முறை யாராச்சும் உக்காரட்டுமே."

"என் தம்பி மடியிலதான் குத்தணும். இல்லைன்னா இன்னைக்குக் குத்தவே வேணாம்" என்றாள் அக்கா.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த மலையிலிருந்து அப்படியே உருண்டுவிடலாமா என்றிருந்தது.

மடியில் ஒரு துண்டை விரித்து, மொட்டைத் தலையோடு யாழினியை உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். பிள்ளைக்குச் சிங்கத்தைப் பார்த்ததும் குஷி. உள்ளங்கையை விரித்து, சரியாகக் கோபுரக் கொப்புளத்தின் மேல் 'பளார்' என்று ஒன்று வைத்தாள்.

"அய்யோ அம்மா! அக்கி இல்லம்மா! முந்திரி எண்ணெய்ம்மா! டாட்டூம்மா!"

மலையே கேட்டது. நான் கத்திய கத்தில் யாழினி வாயைப் பிளந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசாரி தொழில் தெரிந்தவர், அந்த இடைவெளியில் இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார். பிள்ளை ஒரு சொட்டு அழவில்லை.

அம்மா என் முதுகில் வைத்த நாலு அடியை இங்கே விவரிக்கப் போவதில்லை. மச்சான் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா மட்டும் என்னை முறைத்தபடி நின்றாள்.

"அவ்வளவு வலியிலயும் புள்ளைய மடியை விட்டு எறக்கல பாரு, அதுக்காக உன்னைச் சும்மா விடுறேன்" என்றாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. (வலியும் இருந்தது.)

அன்றிலிருந்து யாழினிக்கு எப்போது தடுப்பூசி என்றாலும் அக்கா எனக்குப் போன் போடுகிறாள்: "வாடா, கத்துறதுக்கு ஆள் வேணும்." இப்போது யாழினிக்கு ஆறு வயது. போன மாதம் என் மடியில் ஜம்மென்று உட்கார்ந்து, ஊசியோடு வந்த நர்ஸைக் கையமர்த்தினாள்.

"இருங்க சிஸ்டர். மொதல்ல எங்க மாமா கத்தட்டும்."

கத்தினேன். தாய்மாமன் முறை, செய்யாமல் இருக்க முடியுமா?