கண் மூடிய சபையில் ஒரு கல்யாணம்

தன் கல்யாணத்தைத் தானே மைக்கில், அதுவும் மூன்று ஞாயிறு தொடர்ந்து அறிவித்தும், ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் போன மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் சபைக்காரர். இதில் எங்களுக்குப் பெருமை உண்டு, கொஞ்சம் வெட்கமும் உண்டு.

இலுப்பூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் சின்னச் சபையில் அவருக்குப் பெயர் ‘அறிவிப்பு’. பெரியவர்கள் அறிவிப்பு என்பார்கள், என்னைப் போன்றவர்கள் அறிவிப்பு அண்ணன் என்போம். ஞாயிறு ஆராதனை முடிவில் வருகிற வாரத்து நிகழ்ச்சிகளை வாசிப்பது அவர் வேலை. எங்கள் பாஸ்டருக்கு இதோடு சேர்த்து நான்கைந்து சபைகள். அவர் வராத ஞாயிறுகளில் வாசிக்கத்தான் அண்ணனிடம் மைக்கைக் கொடுத்தார். திரும்ப வாங்குகிற தைரியம் அவருக்கு இன்றுவரை வரவில்லை.

அண்ணன் வாசிப்பில் முற்றுப்புள்ளி கிடையாது. ஒரு நிகழ்ச்சி எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே ஆரம்பித்தது என்று பாஸ்டராலேயே சொல்ல முடியாது. ஒரு வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு, ஏலம் விட்டுக் காணிக்கை சேர்க்க வீட்டு விளைச்சலைக் கொண்டுவரச் சொன்னதும், ரத்ததான முகாமுக்கு ஆள் கூப்பிட்டதும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. ரத்தம் கொடுக்க வந்த இளவட்டங்கள் ஆளுக்கொரு பூசணிக்காயோடு வரிசையில் நின்றார்கள். முகாமுக்கு வந்திருந்த நர்ஸம்மா, “இதையெல்லாம் எங்கிட்டு வைக்கிறது?” என்று கேட்டார். “ஓரமா வைங்கம்மா, ஏலம் விட்டுருவோம்” என்றார் அண்ணன். எதை ஏலம் விடப் போகிறார்கள் என்று அந்த அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

தொண்டுக்கு ஆள் பிடிப்பதிலும் அவருக்கு ஒரு தனி வழி இருந்தது. யார் வருகிறீர்கள் என்று கேட்டால் சபையே பாட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொள்ளும். ஆகவே அவர் கேட்பதே இல்லை. சீடர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பியதாக வேதத்தில் இருக்கிறதல்லவா, அதேபோல் ஜோடி ஜோடியாகப் பெயரை வாசித்துவிடுவார்.

வாசித்து முடித்ததும் ஓலை வாசகத்தைச் சேர்ப்பார். எங்கள் சபையில் கல்யாணம் என்றால் அதற்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல யாரேனும் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று சபையைக் கேட்பதுதான் ஓலை. அண்ணனுக்கு அந்த வாசகத்தின் மேல் கொள்ளைப் பிரியம். பாட்டுப் பயிற்சிக்கும் அதைத்தான் போடுவார், தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்கும் அதைத்தான் போடுவார்.

“ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊற்ற, ஹார்டுவேர் கடைத் தம்பியும் தையல்கடை சாமுவேலும், தடை உண்டா?” என்று ஒருமுறை கேட்டார். ஹார்டுவேர் கடைத் தம்பி நான்தான். துணிந்து எழுந்தேன்.

“தடை இருக்குண்ணே. அன்னைக்குக் கடையில சரக்கு எறங்குது.”

“அது தடை இல்ல தம்பி, வேலை. தடைன்னா ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கணும்.”

“ஆயிருச்சேண்ணே.”

“அப்ப ஒங்க வீட்டுக்காரம்மாவும் வரட்டும். மூணு பேராப் போங்க.”

பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி பார்த்த பார்வையில் எனக்குக் காய்ச்சலே வந்திருக்க வேண்டும். அதிலிருந்து நாங்கள் எல்லோரும் ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டோம். அவர் வாசிக்கும்போது அவரவர் பெயர் வருகிறதா என்று மட்டும் கேட்போம். வரவில்லை என்றால் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

இப்படிப்பட்ட சபையில்தான் ஐம்பது தாண்டிய அண்ணன் கல்யாணம் செய்ய நினைத்தார். பெண், எங்கள் பாடகர் குழுவில் பாடுகிற பால்வாடி டீச்சர். அவருக்கும் ஏறக்குறைய அதே வயது. ஊரே டீச்சரக்கா என்றுதான் கூப்பிடும். அவர் சம்மதிப்பதற்கு ஒரு நிபந்தனை போட்டதாகப் பின்னால் தெரிந்தது.

“இந்த வயசுல கமுக்கமாத் தாலி கட்டிக்கிட்டு வந்து நிக்க மாட்டேன். மொறையா ஓலை வாசிங்க. சபை வந்து ஒக்காந்து பாக்கணும். அவங்களுக்கு மனசு இல்லைன்னா எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்.”

அண்ணன் முறையாகத்தான் வாசித்தார். மணமேல்குடிக்குத் துணிமணி கொண்டுபோவது, அதை ஒட்டி ஈசாக்கு தங்கையாவுக்கும் எஸ்தர் மனோன்மணிக்கும் விவாகம், அதை ஒட்டிக் கண் சிகிச்சை முகாமில் நோயாளிகளைக் கைப்பிடித்து அழைத்துவர ஹார்டுவேர் கடைத் தம்பி, தடை உண்டா. எல்லாம் ஒரே மூச்சு. ஈசாக்கு தங்கையா என்பது அண்ணனின் சொந்தப் பெயர் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? டீச்சரக்காவுக்குப் பெயர் இருக்கிறது என்பதையே நாங்கள் யோசித்ததில்லை. “மணமேல்குடிப் பிள்ளைக போலருக்கு, நல்லா இருக்கட்டும்” என்றாள் என் மனைவி. சபை வாட்ஸ்அப் குரூப்பிலும் குரல் பதிவாகப் போட்டிருந்தார். திறந்து கேட்காமலே எல்லோரும் கைகூப்பு பொம்மை அனுப்பியிருந்தோம்.

முகாம் எங்கள் கோயில் வளாகத்திலேயே நடந்தது. அன்று காலையில் அண்ணன் புதுப் பட்டு வேட்டியில் வந்து, “பதினோரு மணிக்கு இருப்பீங்கள்ல தம்பி?” என்றார். “வேற எங்கண்ணே போகப் போறேன்?” என்றேன். எல்லோரிடமும் அப்படிக் கேட்டார், எல்லோரும் அப்படியே சொன்னோம். கோயிலுக்குப் பின்னால் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. கண் முகாமுக்குப் பிரியாணியா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் கிளறச் சொல்லிவிடுவார்.

சொட்டு மருந்து விட்டுக்கொண்ட பெரியவர்கள் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும். வெளியே வெயில். ஒவ்வொருவராகக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் கோயிலுக்குள் உட்காரவைத்தேன். சற்று நேரத்தில் பாஸ்டர் அங்கி அணிந்து வந்தார். கோயில் நிறைய ஜனம், அத்தனை பேரும் கண்மூடி அசையாமல் இருப்பதைப் பார்த்து அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. “இப்படி ஒரு ஜெபச் சபையை நான் பார்த்ததே இல்ல” என்று என் காதில் சொன்னார். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை, நான் ஏன் விழிக்கிறேன் என்று அவருக்கும் புரியவில்லை.

அப்போதுதான் பீடத்துக்கு முன்னால் பார்த்தேன். டீச்சரக்கா வெள்ளைப் பட்டுப் புடவையில் தன் தம்பி குடும்பத்தோடு நின்றார். பக்கத்தில் மாலையோடு அண்ணன். டீச்சரக்கா மெதுவாகத் திரும்பி, கண்மூடி இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அதில் சபை முகம் ஒன்றுகூட இல்லை.

“ஒருத்தரும் வரலை பாத்தீங்களா” என்றார் அண்ணனிடம். “அவங்களுக்கு மனசு இல்லை. நான் போறேன்.”

கையில் மைக் இல்லாத அண்ணனின் முகம் செத்துப்போயிருந்தது. நான் கிட்டே ஓடினேன்.

“கல்யாணம் ஒங்களுக்காண்ணே? இன்னைக்குத்தான் முகாமாச்சே. ரெண்டையும் ஒரே நாளா வச்சீங்க?”

“ரெண்டுக்கும் தடை உண்டான்னு மூணு வாரம் கேட்டேனே தம்பி. நீங்க யாரும் சொல்லலையே.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மைக்கை எடுத்தேன். எங்கள் சபை வரலாற்றில் முற்றுப்புள்ளி வைத்துச் சொல்லப்பட்ட முதல் அறிவிப்பு அதுதான்.

“அறிவிப்பு அண்ணனுக்குக் கல்யாணம். பொண்ணு நம்ம டீச்சரக்கா. எல்லாரும் உள்ள வாங்க.”

மருந்துச் சீட்டு எழுதியவர்கள், டீ ஊற்றியவர்கள், அவர் ஜோடி ஜோடியாக நிறுத்திவைத்த அத்தனை பேரும் போட்டது போட்டபடி வந்தார்கள். சாமுவேல் பிரியாணிக் கரண்டியோடு வந்தார். என் மனைவி நேராகப் போய் டீச்சரக்கா கையைப் பிடித்து, “பேரைச் சொல்லி வாசிச்சா யாருக்குக்கா தெரியும்?” என்று சண்டைக்கே போய்விட்டாள். டீச்சரக்கா அப்போதுதான் சிரித்தார்.

தடை உண்டா என்று பாஸ்டர் கேட்டார். முன்வரிசையில் கண்மூடி இருந்த குடுமியான்மலை ஆத்தா ஒருவர், “இருக்குய்யா, எரியுது” என்றார். சொட்டு மருந்தைச் சொன்னார் என்று விளங்குவதற்குள் அண்ணனுக்கு வேர்த்துவிட்டது.

இன்றும் ஞாயிறுதோறும் அவர்தான் வாசிக்கிறார். இன்றும் எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. ஆனால் செருப்பைத் தேடுவதில்லை, கடைசிவரை உட்கார்ந்து கேட்கிறேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். தடை உண்டா என்று அவர் நிமிர்ந்து பார்க்கும்போது, எதற்கு என்று தெரியாமலே, சபை மொத்தமும் சேர்ந்து “இல்லை” என்கிறது.