மொட்டைக் காட்சியைப் பற்றி நான் சொன்ன கருத்து

சினிமா பார்ப்பவர்களில் படம் முடிந்ததும் பேசாமல் வண்டியை எடுக்கப் போகிறவர்கள் உண்டு. வண்டி ஸ்டாண்டிலேயே கருத்துச் சொல்ல ஆரம்பிப்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது வகை. (யாரும் கேட்பதில்லை. அது எனக்குத் தடையாக இருந்ததும் இல்லை.)

மூன்று வருடங்களுக்கு முன் நான் கருத்துச் சொன்னது ஒரு திருட்டுக் காமெடிப் படத்தைப் பற்றி. நகைக்கடையில் கொள்ளையடித்த நாலு பேர், அவர்களைவிடக் குழம்பிப்போன ஓர் இன்ஸ்பெக்டர், கைமாறிக்கொண்டே போகும் ஒரு டிபன் கேரியர். ஒரு துளி ரத்தம் கிடையாது. கெட்டவர்கள்கூட நேரத்துக்குச் சாப்பிடுகிறார்கள். இந்த மாதிரிப் படங்களை நான் விடுவதே இல்லை. பிள்ளையைப் பெற்றவளுக்கு நாள் முழுக்க ஏதாவது ஒரு பயம். இரண்டு மணி நேரம் யாருக்கும் எதுவும் ஆகாது என்று நம்பி உட்காரக்கூடிய இடம் எனக்குத் தியேட்டர்தான்.

ஒரே ஒரு காட்சிதான் ஒத்துக்கொள்ளவில்லை. திருடர்களில் ஒருவன் மொட்டை போட்டுக்கொண்டு கோயில் அன்னதானப் பந்தியில் உட்கார்ந்திருப்பான். பரிமாற வருவது அவனுடைய அம்மா. சாம்பாரை ஊற்றி, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுவாள். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"பெத்தவளுக்குத் தெரியாதாங்க?" என்றேன் கணவரிடம். "முடி இல்லன்னா புள்ள வேற ஆளாயிடுமா?"

"காமெடிப் படம்தான கோமதி. வண்டில ஏறு."

"காமெடின்னா இன்னா வேணா காட்டுவாங்களா? திருத்தணிக்கு வந்து பாக்கச் சொல்லுங்க. தினம் எத்தினி மொட்டை பாக்கறோம் நாம."

வீடு வரை சொன்னேன். மறுநாள் நான் வேலை செய்யும் பள்ளியின் ஆசிரியர் அறையில் சொன்னேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து வரும் தமிழ் டீச்சர் "நீங்க சொல்றது கரெக்ட்டு டீச்சர்" என்று ஒப்புக்கொள்ளும்வரை விடவில்லை. என் அக்காவுக்கு எட்டு நிமிட வாய்ஸ் மெசேஜ் வேறு.

அடுத்து வந்த கிருத்திகையன்று எங்கள் மகள் நிவேதாவுக்கு மலையில் மொட்டை. அப்போது அவளுக்கு ஏழு வயது. காய்ச்சலில் பத்து நாள் கிடந்தபோது வேண்டிக்கொண்டது. காவடிக் கூட்டம் நெரித்தது. நான் தரிசன வரிசையில் இடம் பிடித்து நிற்க, அவர் பிள்ளையை மொட்டை போட அழைத்துப் போனார். அரைமணி கழித்து அவர் மட்டும் வந்தார்.

"பாப்பா எங்க?" என்றேன்.

"குளிப்பாட்டி, வேற துணி மாத்தி உன்னாண்டதான அனுப்பினேன். நீ நிக்கிறதக் காட்டி, நேரா போன்னேன். ஈரத் துணிய எடுத்துகினு பின்னாடியே வரேன்."

அதற்குப் பிறகு நடந்ததை இன்றும் நிதானமாக எழுத வரவில்லை. அவர் படிக்கட்டுப் பக்கம் ஓடினார். காணாமல் போனவர்களை மைக்கில் அறிவிக்கும் பந்தலுக்கு நான் ஓடினேன். அங்கே ஒரு பெண் போலீஸ் இருந்தார்.

"அழாதீங்கம்மா. அடையாளம் சொல்லுங்க."

"பேரு நிவேதா. ஏழு வயசு. செவப்பு கவுனு. ரெட்டைச் சடை, செவப்பு ரிப்பன்."

காலையில் நானே பின்னிவிட்ட சடை. என் கண் கடைசியாகப் பார்த்த பிள்ளையைச் சொன்னேன். எதற்காக மலை ஏறினோம் என்பது அந்த நிமிடம் நினைவிலேயே இல்லை. தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை, என் மகளுடைய சடை மலை முழுக்க ஒலித்தது. நல்ல மனிதர்கள் சடை போட்ட பிள்ளைகளாகத் தேடிப் பிடித்து வந்து காட்டினார்கள். (அதில் ஒன்று பயத்தில் என்னைக் கடித்தது.)

அப்போது யாரோ என் புடவையைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு மொட்டைக் குழந்தை. மஞ்சள் பாவாடை. தலையில் அப்பியிருந்த சந்தனம் வியர்வையில் கரைந்து புருவத்தை மூடியிருந்தது. அழுது தொண்டை கட்டிப்போய், "ம்மா" என்பதில் வெறும் காற்றுதான் வந்தது.

"இரு கண்ணு, உங்கம்மா வருவாங்க" என்று அதன் கையை விலக்கிவிட்டேன். (வேறு மென்மையான சொல் தேடிப் பார்த்தேன். இல்லை. விலக்கித்தான் விட்டேன்.) அது மறுபடி பிடித்தது. எனக்குக் கோபம் வந்தது. குழந்தை மேல் அல்ல, அதைத் தவறவிட்டவள் மேல்.

"மேடம், இந்தப் பொண்ணும் காணாமப் போயிருக்குது. புள்ளய வுட்டுட்டு எங்க பராக்குப் பாத்துகினு நிக்கிறாளோ. இவல்லாம் ஒரு அம்மா."

பெண் போலீஸ் குனிந்தார். "உன் பேரு இன்னாம்மா?"

"நிவேதா."

"அம்மா பேரு?"

"கோமதி டீச்சர்."

"அம்மா எங்க இருக்காங்க?"

குழந்தை என்னைக் காட்டியது.

பெண் போலீஸ் என்னைப் பார்த்தார். மைக்கைப் பிடித்திருந்தவரும் பார்த்தார். அவர் அதை அணைத்திருக்கவில்லை. 'இவல்லாம் ஒரு அம்மா' என்பது வரை பாதிப் படியில் நின்றிருந்த என் கணவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது. மனைவியின் குரலை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் அவருக்காவது.

நான் தரையில் உட்கார்ந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. கீழே இறங்கும்போதுதான் சொன்னாள்: "மைக்ல என் பேரு சொன்னாங்கம்மா. ஆனா ரெட்டைச் சடைன்னாங்க. தலையத் தொட்டுப் பாத்தேன். வேற நிவேதாவத் தேடறீங்கன்னு நெனச்சேன்."

அந்தப் படத்தைப் பற்றிய என் கருத்து அந்தப் படிக்கட்டிலேயே மாறிவிட்டது. அந்தக் காட்சியை எடுத்தவர் பிள்ளை பெற்றவராகத்தான் இருக்க வேண்டும். இதை நான் யாருக்கும் வாய்ஸ் மெசேஜில் சொல்லவில்லை.

இப்போது நிவேதாவுக்குப் பத்து வயது. முடி இடுப்பு வரை இருக்கிறது. பள்ளியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் விறைப்பாக நின்று அறிவிப்பாள்: "என் பேரு நிவேதா. எங்கம்மா பேரு கோமதி டீச்சர்."

உள்ளேயிருந்து அவள் அப்பா குரல் கொடுப்பார்: "ஆங், உங்கம்மா வருவாங்க. இரு கண்ணு."

இருவரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதற்கு முன்னால் எழுந்து வாசலுக்குப் போய், அவள் முகத்தை ஒருமுறை முழுசாகப் பார்த்துக்கொள்வேன்.