மலையா, கடலா?

பாதி முடி வெட்டியிருக்கும்போதே ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் மேலே போர்த்தியிருந்த துணியை உதறிவிட்டு எழுந்தார்.

"மலைப் பல்கலைக்கழகத்துல குளிரைத் தவிர என்ன இருக்குன்னா கேக்கறீங்க? நான் அங்க படிச்சவன்யா."

முடிதிருத்துபவர் கத்தரிக்கோலோடு விழித்தார். அவருடைய மூத்த மகளுக்கு இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று மலைமேல், இன்று ரயிலேறினால் மறுநாள்தான் போய்ச் சேரலாம். இன்னொன்று கடற்கரையில், வீட்டிலிருந்து ஒரே பஸ். எது வேண்டும் என்று கேட்டால், "நீங்களே சொல்லுங்கப்பா" என்று மகள் நழுவிவிடுவாள். அதனால்தான் நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். மலைதான் உசத்தி."

"அப்ப கடல் மட்டமா?" பெஞ்சில் காத்திருந்த வக்கீல் பேப்பரை மடித்தார். "நான் அங்க தங்கப்பதக்கம் வாங்கினவன்."

"ஐயா, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. ரெண்டு பேருமே என் பொண்ணுக்கு எடுத்துச் சொல்லுங்க."

வந்தார்கள். வாத்தியார் தொப்பியோடு, வக்கீல் பதக்கத்தோடு. நூலகத்தில் தொடங்கிய பேச்சு விடுதி மூட்டைப்பூச்சி வரை போனது. வக்கீல் கை வீசியதில் டீ வாத்தியாரின் மடியில் கொட்டியது. துடைக்க ஓடிய முடிதிருத்துபவர் தொப்பியைத் தட்டிவிட்டார். பாதி வெட்டியபடியே இருந்த தலையைப் பார்த்து வக்கீல் சிரிக்க, வாத்தியார் பதக்கத்தைப் பிடித்து இழுத்தார்.

மகள்தான் எழுந்தாள். ஒருவருக்குத் துண்டு கொடுத்தாள், மற்றவருக்குத் தண்ணீர். "சார், அங்க பனி எப்ப விழும்?" என்றாள். "ஐயா, பதக்கம் யார் கையால வாங்கினீங்க?" என்றாள். சற்று நேரத்தில் இருவரும் ஒரே சோபாவில் பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டார்கள்.

முடிதிருத்துபவர் சுவரோரம் நின்று பார்த்தார். மகளைத் தெருமுனைக் கடைக்குத் தனியாக அனுப்பவே பயந்து, தானும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனவர் அவர்.

விருந்தாளிகள் போனதும் மகளைக் கூப்பிட்டார்.

"மலைக்கே போம்மா. எங்க விட்டாலும் நீ சமாளிச்சுக்குவே. பக்கத்துல இருந்தா நல்லதுன்னு நான் நெனச்சது உனக்காக இல்ல, எனக்காக."

மகள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

சின்ன மகள் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, அப்பா வாயாலேயே வந்திடுச்சு. அக்கா மலையில போன வாரமே சேர்ந்தாச்சுன்னு இப்ப சொல்லிடலாமா, கட்டிலுக்கடியில கட்டி வெச்சிருக்கற பெட்டியை வெளியே எடுக்கலாமா?"