ஹெடரை விழுங்கியது யார்?

“இப்போ அஞ்சு ஹெடரும் காணோம் ஜெஃப்ரி!” நாவலூர் ஆபீஸிலிருந்து பத்ரி போனில் அலறினார்.

காலையில் ஒன்றுதான் காணாமல் போயிருந்தது. சர்வர் அனுப்பும் ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் ஹெடர் என்று சில குறிப்புகள் போகவேண்டும். நடுவில் ப்ராக்ஸி என்று ஒன்று நின்று, எல்லாவற்றையும் வாங்கிக் கைமாற்றிவிடும். செம்பாக்கம் வீட்டில் உட்கார்ந்து ஜெஃப்ரி அதில் ஒரு வரியைத்தான் திருத்தினான். மிச்சம் நான்கும் போய்விட்டன.

“ஜோவிதா சாப்பிட வரச் சொல்றாடா.” அம்மா ஞானஜோதி எட்டிப் பார்த்தாள்.

“பசிச்சா எனக்கே வரத் தெரியும்னு சொல்லும்மா.”

“சரி, சொல்றேன்.”

புருஷனும் பெண்டாட்டியும் பேசி மூன்று நாளாகிறது. மச்சினி டெபோராவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் திறந்தவன் மறந்தே போனான். அன்றிலிருந்து எல்லாமே அம்மா வழியாகத்தான். இன்று ஆறு மணிக்கு ஜோவிதா கோவிலம்பாக்கத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். எப்போது திரும்புவாள் என்று கேட்க அவனுக்குப் பயமாக இருந்தது.

இன்னொரு வரியைத் திருத்தினான். வலைத்தளமே படுத்துக்கொண்டது.

“யப்பா, இனி எதையும் தொடாதே!” என்றார் பத்ரி. “ப்ராக்ஸியை விட்டுட்டு நேரா சர்வரைக் கேட்டுப் பாரு.”

கேட்டான். ஐந்து ஹெடரும் பத்திரமாக இருந்தன. நடுவில் நின்றதுதான் விழுங்கியிருக்கிறது! இன்றைய திருத்தங்களோடு பழையது ஒன்றையும் நீக்கியதும் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்தன.

ஜெஃப்ரி சட்டென்று நிமிர்ந்தான். ‘என்னங்க’ இல்லாமல் ஜோவிதாவுக்கு வாயே திறக்காதே? அம்மா கொண்டுவந்த சேதி ஒன்றில்கூட அது இல்லையே! அம்மாவோ முப்பது வருஷம் பிள்ளைகள் எழுதியதைச் சிவப்பு மையில் அடித்துத் திருத்திய டீச்சர்.

அறைக்கு ஓடினான். கட்டிலில் பை திறந்து கிடந்தது. ஜோவிதா கையில் ஒரு புடவை.

“ஜோவி, சாப்பிட வரச் சொன்னப்போ நீ என்ன சொன்னே? அப்படியே சொல்லு.”

“‘அந்த உம்மணாமூஞ்சியை வந்து கொட்டிக்கச் சொல்லுங்க’ன்னேன்.”

அம்மா விழுங்கியது இதைத்தானா! அவனுக்குச் சிரிப்பு வந்தது. பையையும் புடவையையும் பார்த்தான்.

“தப்பு என்மேலதான் ஜோவி. நான் வந்திருக்கணும். போகாதேம்மா.”

ஜோவிதா புடவையை பீரோவில் வைத்துவிட்டு, பையிலிருந்து அடுத்ததை எடுத்தாள்.

“நான் எங்கே போறேன்? அதான் மூணு நாளா இதையே வேளாவேளைக்கு அத்தைகிட்ட சொல்லி அனுப்புறீங்களே, போதாதா?”